மீன் தண்ணியில வளர்ந்த கீரை அன்னதானத்துக்கு ஆகுமா?



நம்ம கோயில் வாட்ஸ்அப் குழுவுல மூணு வாரமா ஒரே பேச்சுதான் ஓடுது. அன்னதானத்துல கீரைக் கூட்டுப் பாத்திரத்துக்கு முன்னாடி வச்சிருந்த அட்டையை யாரோ படம் எடுத்துப் போட்டுட்டாங்க. "இந்தக் கீரை மீன் வளர்க்கும் தொட்டி நீரில் வளர்ந்தது. மீன்கள் கொல்லப்படுவதில்லை" என்று அதுல எழுதியிருந்தது. கோயில்ல மீன் தண்ணிக் கீரையான்னு சிலர் கோபப்படுறாங்க. வேற சிலர், "கீரை கீரைதானே, எதுக்கு அட்டை வச்சு வம்பை விலைக்கு வாங்குறீங்க?"ன்னு கேக்குறாங்க.

அந்தக் கீரையை வளர்க்கிறவங்கள்ல நானும் ஒருத்தன். அட்டையை எழுதினதும் நான்தான். குழுவுல நாலு வரி பதில் போட்டா சண்டைதான் வளரும். அதனால இங்க கொஞ்சம் நீளமா எழுதுறேன். முழுசா படிச்சிட்டு, கூடாதுன்னு நீங்க சொன்னாலும் எனக்கு வருத்தம் இல்ல.

முதல்ல இது என்னன்னு சொல்லிடறேன்.

இதுக்கு அக்குவாபோனிக்ஸ்னு பேர். ஒரு தொட்டியில மீன். பக்கத்துலயோ மேலயோ ஒரு பாத்தி. பாத்தியில மண் கிடையாது, சுட்ட களிமண் உருண்டைகள் மட்டும்தான். சின்ன பம்பு தொட்டித் தண்ணியைப் பாத்திக்கு ஏத்தும். பாத்தியில இறங்கிச் சுத்தமான தண்ணி திரும்பவும் தொட்டிக்கே வரும். உரம் தனியா போடுறது இல்ல. மீனுக்குத் தீனி போடுறோம், கீரை வளருது.

நடுவுல என்ன நடக்குதுங்கறதுதான் விஷயம். மீன் தின்ன தீனியில இருக்கிற புரதம் உடம்புல செரிச்சு, கடைசியில அம்மோனியாவா வெளியே வரும். பெரும்பகுதி செவுள் வழியாத்தான் வரும். அம்மோனியா தேங்கினா மீன் செத்துப் போகும். ஆனா தண்ணியிலயும் களிமண் உருண்டை மேலயும் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் குடியேறும். நைட்ரோசோமோனாஸ் வகை அம்மோனியாவை நைட்ரைட்டா மாத்தும். நைட்ரைட்டும் மீனுக்கு விஷம்தான். அடுத்து நைட்ரோஸ்பைரா மாதிரி வேற பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டா மாத்தும். இந்த நைட்ரேட்டைத்தான் கீரை வேர் உறிஞ்சுது. தோட்டத்து மண்ணுல எரு போட்டாலும் இதே வேலைதான் நடக்குது. அங்க மண் மூடியிருக்கு, நமக்குத் தெரியறதில்ல. இங்க தண்ணியில நடக்கிறதால சோதிச்சுப் பார்க்க முடியுது.

நம்ம ஆளுங்களுக்கு இது புதுசு இல்ல. ஊர்ல கிணத்தடியில குளிச்ச தண்ணி, பாத்திரம் கழுவின தண்ணி எல்லாம் எங்க போகும்? நேரா வாழைக்குத்தான். அந்த வாழைதான் கொல்லையிலேயே கொழுத்து நிக்கும். ஒண்ணோட கழிவு இன்னொண்ணுக்குச் சாப்பாடுங்கறது எங்க பாட்டிக்கே தெரிஞ்ச கணக்கு.

சிங்கப்பூரும் ஒரு காலத்துல அப்படித்தான் இருந்துச்சு. எங்க சமூகத் தோட்டத்துல ஒரு சீனப் பெரியவர் இருக்கார். எழுபதைத் தாண்டினவர். அவங்க அப்பா பொங்கோல்ல பண்ணை வச்சிருந்தவர். பன்றிக் கொட்டகை கழுவின தண்ணி குளத்துக்குப் போகும், குளத்துல மீன் வளரும், குளத்து ஓரத்துல கங்கோங்கும் ஆகாயத்தாமரையும் மண்டும், அதை அறுத்து வேகவச்சுப் பன்றிக்கே போடுவாங்களாம். "எங்கப்பா பண்ணையில குப்பைத்தொட்டியே கிடையாது"ன்னு சொல்வார். 1984ல அரசாங்கம் பன்றிப் பண்ணைகளைப் படிப்படியா மூட முடிவு பண்ணுச்சு. கழிவு ஆத்துக்குப் போறதும், நிலமும் தண்ணியும் குறைவா இருக்கிறதும் காரணம். அவங்க வீவக வீட்டுக்கு வந்துட்டாங்க. தொட்டி வைக்கலாம்னு தோட்டத்துல முதல்ல பேச்சை எடுத்தவர் அவர்தான்.

இதைப் படிப்பா ஆக்கினவங்க வெளிநாட்டுக்காரங்க. 1980கள்ல அமெரிக்காவுல வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்துல மார்க் மெக்மர்ட்ரிங்கறவர் மீன் தண்ணியை மணல் பாத்தியில விட்டுக் காய்கறி வளர்த்தார். கரீபியக் கடல்ல செயின்ட் குரோய்ங்கற சின்னத் தீவுல, வர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்துல ஜேம்ஸ் ராக்கோசி பல வருஷம் ஆராய்ச்சி பண்ணி, எத்தனை தீனிக்கு எத்தனை செடின்னு கணக்கே போட்டுக் கொடுத்தார். அங்க வளர்த்த மீன் திலாப்பியா. வளர்த்த செடிகள்ல ஒண்ணு பேசில், நம்ம துளசிக்குச் சொந்தக்காரச் செடி. நல்ல தண்ணி குறைவான தீவுல இந்த யோசனை வளர்ந்ததுல ஆச்சரியம் இல்ல. 2014ல ஐநாவோட உணவு வேளாண்மை அமைப்பு சின்ன அளவுல இதைச் செய்றவங்களுக்காகப் பெரிய கையேடே வெளியிட்டுச்சு. எங்க தோட்டத்து இளைஞர் ஒருத்தர் அதைப் படிச்சு, வேண்டியதை எங்களுக்குப் புரியற மாதிரி சொன்னார்.

நம்ம ஊர்லயும் பெரிய அளவுல செஞ்சிருக்காங்க. ஆர்ச்சர்ட் ரோட்டுல ஸ்கேப் கட்டட மாடியில காம்குராப் நிறுவனம் மீனையும் செடியையும் சேர்த்து வளர்த்துச்சு. பிறகு உட்லண்ட்ஸ்ல தொழிற்கட்டட மாடிக்குப் பெரிசா போனப்போ, மீன் இல்லாத ஹைட்ரோபோனிக்ஸ் முறைக்கு மாறிடுச்சு. 2019ல ஃபேர்மாண்ட், ஸ்விசோட்டெல் ரெண்டு ஹோட்டல்களும் சேர்ந்து சிட்டி ஹால் பக்கத்துல தங்கள் கட்டடத்துலேயே 450 சதுர மீட்டர்ல பண்ணை வச்சாங்க. அங்க விளையற கீரையும் திலாப்பியாவும் அவங்க சமையலறைக்கே போகுது.

இனி எங்க கதை.

எங்க புளோக் கீழ இருக்கிற தோட்டம், தேசியப் பூங்காக் கழகம் 2005ல ஆரம்பிச்ச 'கம்யூனிட்டி இன் புளூம்' திட்டத்துல சேர்ந்தது. எட்டுப் பேர் பார்த்துக்கிறோம். வசிப்போர் குழுவுல பேசி, மின்சார இணைப்புக்கு அனுமதி வாங்கி, 500 லிட்டர் தொட்டி ரெண்டு வச்சோம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு பாத்தி.

தண்ணி நிரப்பின அன்னிக்கே மீன் விடக்கூடாது. குழாயைத் திறந்தா வர்றது நமக்குச் சுத்தமான தண்ணி. ஆனா பொதுப் பயனீட்டுக் கழகம் கிருமி ஒழிக்கக் குளோரமின் சேர்க்குது. ஊர்ல சொல்ற மாதிரி ஒரு ராத்திரி வாளியில பிடிச்சு வச்சா போற பொருள் இல்ல அது. மீன் கடையில 'ஆன்டி குளோரின்' வாங்கிக் கலக்கணும். இல்லன்னா மீனோட செவுள் வெந்துடும், பாக்டீரியாவும் ஒட்டாது.

அடுத்தது காத்திருக்கறது. மீன் இல்லாத தொட்டியில கொஞ்சம் கொஞ்சமா அம்மோனியா சேர்த்து, பாக்டீரியா குடியேறும் வரைக்கும் பம்பை ஓடவிடணும். எங்களுக்கு ஐந்து வாரம் ஆச்சு. போறவங்க வர்றவங்க எல்லாம் "என்ன அங்கிள், தண்ணியை மட்டும் வளர்க்கிறீங்களா?"ன்னு சிரிப்பாங்க. தினமும் சோதனைக் குழாய்ல தண்ணி எடுத்து, சொட்டு மருந்து விட்டு, நிறம் பார்த்து நோட்டுல எழுதுவோம். நான் தொழிற்சாலையில ஷிஃப்ட் நோட்டு எழுதிப் பழகினவன், அதனால நோட்டு என் பொறுப்பு. முதல் பத்து நாள் அம்மோனியா சோதனை பச்சையாவே இருந்துச்சு. அப்புறம் மெதுவா மஞ்சளுக்கு இறங்குச்சு, நைட்ரைட் ஊதாவுக்கு ஏறுச்சு. ஐந்தாவது வாரம் அம்மோனியாவும் இல்ல, நைட்ரைட்டும் இல்ல, நைட்ரேட் மட்டும் ஆரஞ்சு நிறம் காட்டுச்சு. அன்னிக்குத்தான் மீன் வாங்கப் போனோம்.

எந்த மீன்ங்கறதுலதான் முதல் வாக்குவாதம் வந்துச்சு.

சீனப் பெரியவருக்குத் திலாப்பியாதான் வேணும். ஊர்ல நாம ஜிலேபிக் கெண்டைன்னு சொல்றது. ஜப்பான்காரன் காலத்துல இந்தப் பக்கம் வந்த மீன். சூடு தாங்கும், அழுக்குத் தாங்கும், சீக்கிரம் வளரும். "வளர்த்துட்டு சாப்பிடாம எதுக்கு?" அவர் கேள்வி அவ்வளவுதான். எங்க வீட்டுக்காரம்மா தோட்டத்துக்கு வந்து பார்த்துட்டு, "தினமும் கையால சாப்பாடு போட்டு வளர்த்ததை நாமளே வெட்டுறதா? அப்படின்னா இங்க விளையற ஒரு இலைகூட நம்ம வீட்டுக்கு வேணாம்"னு சொல்லிட்டாங்க. நான் ஞாயித்துக்கிழமை மீன் குழம்பு சாப்பிடறவன்தான். இருந்தாலும் அவங்க சொன்னது எனக்கும் உறைச்சது. ஊர்க் கோயில் குளத்துல பொரி போடும்போது மீன் கூட்டமா வந்து வாயைப் பிளக்குமே, அதை யாராவது பிடிச்சுக் குழம்பு வைப்பாங்களா?

பெரியவர் ரெண்டு நாள் யோசிச்சார். மூணாவது நாள் அவரே சொன்னார்: "ரெண்டு தொட்டி இருக்கு. இது என் சாப்பாட்டு மீன். அது உங்க கோயில் மீன். அதுல நான் கை வைக்கமாட்டேன்." ஒரு தொட்டியில பத்துத் திலாப்பியா, இன்னொண்ணுல பன்னிரண்டு தங்கமீன். தண்ணி ஒண்ணோட ஒண்ணு கலக்காது. பம்பும் வேற வேற. கோயிலுக்கு வர்ற கீரை தங்கமீன் தொட்டியில இருந்து மட்டும்தான். குழுவுல கேட்ட எல்லாரும் இதைக் கவனிச்சிக்குங்க.

இந்த முறையில கணக்கு முக்கியம். இலைக்கீரைக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளுக்கு 40 முதல் 50 கிராம் தீனின்னு கையேடு சொல்லுது. மீன் எத்தனை இருக்குங்கறதைவிட எவ்வளவு தீனி உள்ள போகுதுங்கறதைத்தான் பார்க்கணும். கால் கிலோ எடையுள்ள பத்துத் திலாப்பியா நாளுக்கு 50 கிராம் தின்னும், அது ஒரு சதுர மீட்டர் கீரையைத் தாங்கும். தங்கமீன் தொட்டிக்கு 15 கிராம் போதும். அதனால அந்தப் பாத்தியில கீரை மூணுல ஒரு பங்குதான் வரும். கொல்லாம வளர்க்கணும்னா விளைச்சல் குறையும். இதை மறைக்க வேண்டியது இல்ல.

என்ன வளருது? கங்கோங், தண்டுக்கீரை, பசலை, பொன்னாங்கண்ணி, புதினா எல்லாம் நல்லா வருது. நம்ம வெயில்ல தண்ணி 28, 30 டிகிரி இருக்கும். பாக்டீரியாவுக்கும் மீனுக்கும் அது சௌகரியம், லெட்டூஸுக்கு ஆகாது. கறிவேப்பிலைக்கு வேர் எப்பவும் ஈரத்துல இருக்கக்கூடாது, அதை மண்ணுலேயே விட்டுட்டோம். துளசியை மீன் தண்ணியில வைக்க எங்க வீட்டுக்காரம்மா ஒத்துக்கல. அது தனித் தொட்டியில மண்ணுலதான் இருக்கு.

மூணாவது மாசம் கங்கோங் இளம் இலை மஞ்சளாச்சு, நரம்பு மட்டும் பச்சை. இரும்புச்சத்து குறைவு. மீன் தீனியில செடிக்கு வேண்டிய இரும்பு போதுமானது வராது. செடி உறிஞ்சக்கூடிய இரும்பு உப்பு கடையில கிடைக்குது, கொஞ்சம் கலந்தா இரண்டு வாரத்துல தெளியுது. அதே மாதிரி பாக்டீரியா வேலை செய்யச் செய்யத் தண்ணி புளிச்சுக்கிட்டே போகும். ஒரு துணிப்பையில பவளக்கல் தூளைக் கட்டித் தொட்டிக்குள்ள போட்டா மெதுவா சரிபண்ணும். பூச்சி வந்தா மருந்து அடிக்க முடியாது. வேப்பெண்ணெய்கூட மீனுக்கு ஆகாது. கையால பொறுக்கணும், இல்ல இலையைக் கிள்ளி எறியணும்.

டெங்கி விஷயம் நிறையப் பேர் கேட்டீங்க. பாத்தியில தண்ணி மட்டம் உருண்டைகளுக்கு ரெண்டு மூணு சென்டிமீட்டர் கீழேயே நிக்கும். கொசு முட்டையிட மேல தண்ணியே தெரியாது. தொட்டியில மீன் இருக்கு, புழு வந்தா அதுக்கு விருந்து. தண்ணி தேங்கற வேற பாத்திரம் எதையும் அங்க வைக்கறது இல்ல.

பெரிய பயம் பம்பு நிக்கறதுதான். தண்ணி சுத்தலன்னா சில மணி நேரத்துல மீனுக்கு மூச்சு முட்டும். பேட்டரியில ஓடற காத்து மோட்டார் ஒண்ணு தயாரா வச்சிருக்கோம். அதைவிட முக்கியம் ஆள். காலையில ஒருத்தர், சாயங்காலம் ஒருத்தர், ராத்திரி பத்து மணிக்கு ஒருத்தர் வந்து தண்ணி ஓடற சத்தத்தைக் கேட்டுட்டுப் போகணும். தீபாவளி அன்னிக்குச் சீனப் பெரியவர் பார்த்துக்குவார். சீனப் புத்தாண்டுக்கு நாங்க. நோன்புப் பெருநாளுக்கு மலாய் அக்கா வீட்டுக்குப் போற நேரத்துல மத்தவங்க. கோயில்ல விளக்கு எண்ணெய் பார்க்கிற முறை மாதிரிதான். ஆரம்பிக்கும்போது ஐம்பது பேர் வருவாங்க, ஆறு மாசம் கழிச்சு யார் வர்றாங்கங்கறதுல இருக்கு அதோட ஆயுசு.

இனி காசு. ரெண்டு தொட்டிக்கும் சேர்த்துப் பொருள் வாங்க 1,100 வெள்ளி ஆச்சு. பம்புகளும் காத்து மோட்டாரும் சேர்ந்து 70 வாட். மாசத்துக்கு 50 யூனிட். ஒரு யூனிட் 30 காசுன்னு வச்சாலும் 15 வெள்ளி. தீனி 10 வெள்ளி. கைக்கு வர்றது நாலு கிலோ கீரை, சராசரியாப் பார்த்தா அரை கிலோவுக்கு மேல மீன். தேக்கா சந்தையில அதே கீரையைப் பாதிக் காசுக்கு வாங்கலாம். லாபம் வரும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. கீரை வாடகை கட்டாது. ஹோட்டலுக்குக் கட்டுப்படியாகுதுன்னா, மாடி அவங்களோடது, வாங்கறவங்களும் அவங்களே.

அப்புறம் எதுக்கு?

2020 மார்ச் 18ல மலேசியா நடமாட்டக் கட்டுப்பாடு போட்டப்போ நடந்தது ஞாபகம் இருக்கா? சரக்கு வரத்து நிக்காதுன்னு ரெண்டு அரசாங்கமும் சொன்ன பிறகும் கடைகள்ல வரிசை நின்னுச்சு. 2022 ஜூன் 1ல மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்துச்சு. சிங்கப்பூர் சாப்பிடறதுல 90 சதவீதத்துக்கு மேல வெளியில இருந்துதான் வருது. 2030க்குள்ள 30 சதவீதத்தை இங்கேயே விளைவிக்கணும்னு 2019ல இலக்கு வச்சாங்க. அது நடக்காதுன்னு தெரிஞ்சு, 2025 நவம்பர்ல இலக்கையே மாத்தினாங்க: 2035க்குள்ள காய்கறி வகையில 20 சதவீதம், முட்டை, மீன் மாதிரி புரத வகையில 30 சதவீதம். 2024ல உள்ளூர்க் காய்கறி சுமார் 3 சதவீதம்தான். பல உயர்தொழில்நுட்பப் பண்ணைகள் செலவு தாங்காம மூடிட்டாங்க. எங்க ரெண்டு தொட்டி இந்தக் கணக்குல ஒரு தூசி. ஆனா ஒரு கட்டுக் கீரைக்குப் பின்னாடி எத்தனை தண்ணி, எத்தனை கரண்ட், எத்தனை பேர் உழைப்பு இருக்குன்னு எங்க எட்டுப் பேருக்கும், அங்க வந்து நிக்கிற பிள்ளைங்களுக்கும் இப்ப தெரியும். அன்னதானத்துல இலையில மிச்சம் வைக்கிறதைப் பார்த்தா எனக்கு இப்ப வயிறு எரியுது.

சரி, முதல் கேள்விக்கு வர்றேன். இது சைவமா?

கோயிலுக்குக் கொண்டுவர்றதுக்கு முன்னாடி மூணு பேர்கிட்ட கேட்டேன். முதல்ல நிர்வாகம். அவங்க குருக்கள் ஐயாவைக் கேக்கச் சொன்னாங்க. குருக்கள் ஐயா நேராவே சொல்லிட்டார்: "வழக்கத்துல இல்லாததை நைவேத்தியத்துக்குக் கொண்டுவர வேண்டாம். அன்னதானம் வேற. அதுல சாப்பிடறவங்க மனசு நோகாம இருக்கணும்." அதனால மடப்பள்ளிக்குள்ள இந்தக் கீரை ஒரு இலைகூடப் போனது கிடையாது. இனியும் போகாது.

மூணாவதா, அன்னதானக் கூடத்துல வருஷக்கணக்கா காய் நறுக்கிற நம்ம பாட்டிம்மாகிட்ட கேட்டேன். பிறவியிலேருந்து சைவம். அவங்க கேட்ட கேள்விகளுக்குத்தான் நான் நிறைய யோசிச்சேன்.

"மீனோட அம்சம் கீரைக்குள்ள போகுதா?" போகல பாட்டிம்மா. வேர் எடுத்துக்கறது தண்ணியில கரைஞ்ச நைட்ரேட்டும் உப்புகளும். கேமரன் மலையில இருந்து நாம வாங்கற முட்டைக்கோஸுக்குக் கோழி எருதான் போடுறாங்க. ஊர்ல இயற்கை விவசாயம் செய்யறவங்க 'மீன் அமிலம்' தெளிக்கிறாங்க, அது செத்த மீனை வெல்லத்துல ஊறவச்சு எடுக்கிறது. எலும்புத் தூள் போட்ட தோட்டத்துக் கத்திரிக்காயை நாம எத்தனையோ தடவை சாம்பார்ல போட்டிருப்போம். அதையெல்லாம் யாரும் அட்டையில எழுதி வைக்கறது இல்ல.

"கழிவுத் தண்ணி, வயித்துக்கு ஆகுமா?" மீன் குளிர் ரத்தப் பிராணி. ஆடு மாடு கோழிக்கு இருக்கிற மாதிரி ஈ கோலை கிருமி அதுக்குக் குடல்ல நிலையா வாழறது இல்ல. ஆனா பறவை எச்சம், எலி, நம்ம கை, இதெல்லாம் கொண்டுவரும். அதனால மேல வலை போட்டிருக்கோம். இலை மேல தொட்டித் தண்ணி படாம பார்த்துக்கறோம். பறிச்ச பிறகு நல்லா கழுவி, வேகவச்சுத்தான் பரிமாறுறோம். பச்சையா எதுவும் கொடுக்கறது இல்ல.

"உயிர்க் கொலை உண்டா?" எங்க தொட்டியில இல்ல. தங்கமீன் வயசாகிச் சாகும் வரைக்கும் அங்கதான் இருக்கும்.

"அதுக்கு என்ன சாப்பாடு போடுறீங்க?" இந்தக் கேள்வி வரும்னு நான் எதிர்பார்க்கல. கடையில வர்ற மீன் தீனியில கோதுமை, சோயாவோட பெரும்பாலும் மீன் தூளும் இருக்கும். எங்கேயோ கடல்ல பிடிச்ச சின்ன மீன்தான் அது. அன்னிக்கு அதை அப்படியே சொன்னேன். இப்ப பக்கத்துல ஒரு தட்டுத் தண்ணியில வாத்துப்பாசி வளர்த்து, பாதித் தீனிக்குப் பதிலா அதைப் போடுறோம். தங்கமீன் விரும்பித் தின்னுது. மீதிப் பாதி இன்னும் கடைத் தீனிதான். அதனால இது முழுக்க முழுக்கச் சைவம்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன்.

பாட்டிம்மா கேட்டுட்டுச் சொன்னாங்க: "தம்பி, நீ சொல்லாம என் இலையில போட்டிருந்தா அது உன் பாவம். சொல்லிட்டுப் போட்டா, சாப்பிடறதும் விடறதும் என் கணக்கு. எனக்கு வேணாம். கேக்கறவங்களுக்குக் கொடு." அந்தக் கீரையை நறுக்கிக் கொடுத்ததும் அவங்கதான். சாப்பிடல.

அதுக்குத்தான் அந்த அட்டை. கூட்டு தனிப் பாத்திரத்துல, கடைசியில. வேணாம்கறவங்களுக்கு வேற பொரியல். மாசம் ரெண்டு தடவை, ஒரு பை கீரை. நூத்துக்கணக்கான பேர் சாப்பிடற பந்தியில அது ஒரு மூலைக்குக்கூடப் பத்தாது. "இவ்வளவு கொஞ்சத்துக்கு எதுக்கு அட்டை, சும்மா சாம்பார்ல போட்டுட்டா யாருக்குத் தெரியும்?"னு கேட்ட தம்பிங்களுக்கு என் பதில் இதுதான்: கோயில்ல தட்டை நீட்டறவங்க நம்மளைக் கேள்வி கேக்கறது இல்ல. அந்த நம்பிக்கைக்கு நாம சொல்லிட்டுத்தான் போடணும். ஒரு இலையா இருந்தாலும் சரி.

அடுத்த கூட்டத்துல நிர்வாகம் இதைப் பத்தி முடிவு சொல்லும். வேணாம்னு முடிவானா கீரை எங்க புளோக்கு வீடுகளுக்குப் போகும், மீனுக்கு ஒண்ணும் ஆகாது. ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு வழக்கம் இருக்கு, அதை மதிக்கணும். ஆனா முடிவு பண்ற முன்னாடி ஒரு தடவை வந்து பாருங்க. ஞாயித்துக்கிழமை காலை எட்டு மணிக்கு எங்க தோட்டத்துல இருப்போம். வழி தெரியாதவங்க அன்னதானக் கூடத்துல என்னைக் கேளுங்க. பிள்ளைங்களையும் கூட்டிட்டு வாங்க, தண்ணி சோதிக்கிறதை அவங்களே செய்யட்டும்.

வர்றவங்களுக்கு ரெண்டே வேண்டுகோள். கோயில் குளம் மாதிரி நினைச்சுக்கிட்டுத் தொட்டியில காசு போடாதீங்க, செம்பு மீனுக்கு விஷம். பொரியும் சோறும் கொண்டுவராதீங்க, தின்னது போக மிச்சம் தண்ணியில அழுகிடும். வாத்துப்பாசி நாங்களே தர்றோம், ஒரு கைப்பிடி போட்டுட்டு மீன் வர்றதைப் பாருங்க.

அன்புடன்,
உங்கள் கோயில் தொண்டூழியன்